அத்தையிடம் இருந்த சாவி

1

நான் செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் விளங்கும்படி சொல்ல எனக்கு வந்ததே இல்லை. டாக்டர் என்றால் தெரியும், வாத்தியார் என்றால் தெரியும், சவூதியில் கடையில் நிற்கிறான் என்றால் எங்கள் பரளச்சிப் பக்கம் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "சமூகக் கொள்கை ஆய்வாளர்" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். அம்மா அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் காலையில் எழுந்து போய் என்ன செய்வாய் என்று கேட்டார். ஒரு ஊரில் இருக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் நம்புகிறார்களா, இல்லையென்றால் எதனால் பிரிந்து கிடக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவேன் என்றேன்.

"அதக் கேக்குறதுக்குச் சம்பளம் குடுக்குறாகளா?" என்றார் அம்மா.

கொடுக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் என்ற ஊரில் வீடு வாங்கி, மகளைப் பெற்று வளர்த்து, மழைக்கோட்டு மாட்டியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். பிரிந்து கிடப்பதைப் படிக்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது. ஒரே நிறம், ஒரே பேச்சு, ஒரே மழையில் நனைகிற இரண்டு கூட்டம். கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டன்ட் மறுபக்கம். சில இடங்களில் தெருவுக்கு நடுவே சுவர் நிற்கிறது. சுவரில் ஒரு இரும்புக் கதவு. பொழுது சாய்ந்தால் அதைப் பூட்டிவிட்டு விடிந்ததும் திறப்பார்கள். இதையும் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒரே ஏசுவத்தான கும்பிடுறாக, பெறகென்ன?" என்றார். அந்தப் 'பெறகென்ன'வுக்குப் பதில் தேடித்தான் இத்தனை வருடமும் சம்பளம் வாங்குகிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு படிவம் கொடுத்தார்கள். நீ இந்தக் கூட்டமா, அந்தக் கூட்டமா, இரண்டும் இல்லையா என்று மூன்று கட்டம். இரண்டும் இல்லை என்பதில் குறி போட்டேன். அந்தக் கட்டம்தான் எனக்கு இங்கே கிடைத்த முதல் முகவரி. அதில் குடியிருப்பது ஒரு விதத்தில் வசதி. இரண்டு பக்கத்து வீடுகளிலும் என்னை உள்ளே விட்டு டீ கொடுப்பார்கள்.

எங்கள் தொழிலில் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. பொதுவாக மனிதர்களை நம்பலாம் என்று நினைக்கிறீர்களா? இதற்கு யாரும் உண்மையைச் சொல்வதில்லை, மரியாதையாகத்தான் பதில் சொல்வார்கள். அதனால் நான் வேறொரு கேள்வியைச் சேர்த்தேன். நீங்கள் வெளியூர் போகும்போது உங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்? உடன் வேலை செய்கிறவர்கள் நல்ல கேள்வி என்றார்கள். எங்கிருந்து எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன இளவேனிலில் ஒரு வியாழக்கிழமை, சுவரை ஒட்டிய செங்கல் வீடொன்றில் ஒரு மூதாட்டியிடம் அதைக் கேட்டேன். முன்பெல்லாம் எதிர்வீட்டுக்காரியிடம் இருந்தது என்றார். அப்புறம் நடுவில் சுவர் வந்தது, எதிர்வீடு அந்தப் பக்கம் போய்விட்டது.

"சாவியைத் திரும்ப வாங்கினீர்களா?"

"கேட்க எப்படி வாய் வரும்? அவளிடமே இருந்திருக்கும். நாங்கள் பூட்டை மாற்றிவிட்டோம்."

பிறகு என் கோப்பையில் டீயை நிரப்பிக்கொண்டே, உன் வீட்டுச் சாவி யாரிடம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். இங்குள்ள வீட்டைத்தான் கேட்டிருப்பார். ஆனால் என் வாய் யோசிக்கவே இல்லை. என் அத்தையிடம், என்றது. கொடுத்து வைத்தவள் நீ, என்றார்.

2

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போது போன் நிறைந்து கிடந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் எங்கள் ஊர் வழியாகப் போனவர், பைக்கை நிறுத்தி எடுத்திருக்கிறார்.

என் வீடு. அம்மா மவுத்தாகி மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சம். ஒரு பெண் முதுகைக் காட்டியபடி பூட்டைத் திறக்கிறாள். கையில் புகைகிற கரண்டி. தலையில் முக்காடு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே புகை வருகிறது. அவ்வளவுதான்.

முதலில் சின்னப் பிள்ளைகள் பேய்ப் படம் போட்டு விளையாடியிருந்தார்கள். அடுத்து ஒருவர், யாரும் இல்லாத வீட்டில் யார் இவள் என்று கேட்டிருந்தார். முகத்தை மறைத்துக்கொண்டு போகிறாளே, ஏன் மறைக்க வேண்டும் என்று இன்னொருவர். உள்ளே பூஜை நடக்கிறது, விட்டால் நாளைக்கே இது எங்கள் கோயில் என்பார்கள் என்று மூன்றாமவர் குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார். குமாரலிங்கபுரத்துப் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத எங்கள் கரிசல் காட்டிலும் எவன் இடத்தை எவன் அமுக்குவானோ என்ற பயம் வந்துவிட்டது. வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்த கதைதான்.

முதுகைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது பஞ்சவர்ணம் அத்தை. அந்த முக்காடு எதற்கு என்பதும் தெரிந்தது. என் மகள் நஸ்ரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்கவே ஒருமாதிரி இருக்கிறது, திருடியா என்று கேட்டாள். அவள் பேசுவது அசல் பெல்ஃபாஸ்ட் இங்கிலீஷ். தமிழ் காதில் ஏறும், நாக்கில் இறங்காது.

அத்தை என்றேன். என் அத்தாவின், அதாவது அவள் தாத்தாவின், தங்கச்சியா என்றாள். இல்லை. வேறு எந்த வழியில்? எந்த வழியிலும் இல்லை, அவர்கள் இந்துக்கள், பக்கத்து வீடு. அப்படியென்றால் 'நெய்பர்' என்று சொல்ல வேண்டியதுதானே, எதற்காக அத்தை என்று குழப்புகிறாய் என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டதில் பிழை ஒன்றுமில்லை. வளர்ந்த ஊருக்கு அதுதான் சரியான கேள்வி.

3

என் அத்தாவும் பக்கத்து வீட்டு முருகேசன் மாமாவும் மச்சான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அத்தா மல்லாங்கிணற்றில் மிளகாய் வற்றல் யாவாரம். மாமாவுக்கு மழையை நம்பி மானம் பார்த்த காடு. வற்றலும் மல்லியும் மாமா காட்டிலிருந்து அத்தாவுக்கு வரும். அத்தா மச்சான் என்றால் எங்களுக்கு மாமா. அவர் பெண்டாட்டி அத்தை. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த வீட்டுக்காரர்கள் இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனால் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். பொழுது சாயும்போது அம்மா போய்த் திறந்து, வாசல் தெளித்து, கோழியை அடைத்து, சாமி படத்துக்கு மேலே இருக்கிற குண்டு பல்பைப் போட்டுவிட்டு வருவார். விளக்கு ஏற்ற மாட்டார். அது அவுக முறை, நம்ம கை படக்கூடாது, ஆனா சாமி இருட்டுல இருக்கக்கூடாது என்பார். அதற்காகத்தான் பல்பு. இந்த ஏற்பாட்டை அம்மாவும் அத்தையும் எப்போது பேசி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் வெளியூர் போனால் அத்தை எங்கள் வீட்டைத் திறப்பார். வியாழக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னால் எங்களுக்கு வெள்ளிக்கிழமை பிறந்துவிடும். அம்மா அந்த நேரத்தில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு மூன்று அறைக்கும் சாம்பிராணி காட்டுவார். அத்தையும் அதேபோல் முந்தியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு காட்டுவார். தன் வீட்டில் மறுநாள் காட்டும்போது அந்த முக்காடு இருக்காது.

அத்தா போனார், மாமா போனார், கடைசியில் அம்மாவும் போனார். அண்ணன் காதர் சவூதியில் தம்மாமில், நான் இங்கே. அம்மாவை அடக்கிய வாரம், நாங்கள் புறப்படும்போது அண்ணன்தான் சாவியைக் கொண்டுபோய் அத்தை கையில் கொடுத்தார். அத்தை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டார்.

அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் எனக்கு ஒரு வழக்கம் வந்தது. இங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அங்கே விளக்கு வைக்கிற நேரம். ஆபீஸில் டப்பாவைத் திறக்கும்போது, இப்போது வீட்டில் லைட் எரியும், இப்போது நடு அறைக்குப் புகை வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் அந்த வாசமே வரும். உடன் இருப்பவர்கள் சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார்கள், நான் மூக்கை விரித்து மோந்துகொண்டிருப்பேன். அம்மா இறந்துபோனார் என்பது எனக்கு முழுசாக உறைக்காமலே இருந்ததற்கு அத்தைதான் காரணம்.

4

குழுவில் நான் நீளமாக எழுதினேன். அது பஞ்சவர்ணம் அத்தை, செய்தது அம்மா செய்ததைத்தான், முக்காடு மறைப்பதற்கில்லை, மரியாதைக்கு என்று எழுதினேன். சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். மற்றவர்கள், வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இங்கே நடப்பது தெரியாது என்றார்கள். அந்த வீடியோ எங்கள் குழுவைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

அன்றிரவே அண்ணன் கூப்பிட்டார். அவருக்கு அத்தையைத் தெரியாதா? அத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்தான் அவர். ஆனால் கடையில் கூட வேலை செய்கிறவர்கள்வரை அந்த வீடியோவைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

"எனக்கு அத்தை மேல ஒண்ணும் இல்ல மும்தாசு. ஆனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா ஊரு நம்மளத்தான் கேக்கும். நீ லீவுல போறல்ல? சாவிய வாங்கிரு. நீ வாங்கலைன்னா நான் ஆள் அனுப்பிப் பூட்ட ஒடச்சுப் புதுசு போட்டுருவேன்."

வாங்க முடியாது என்றேன். அப்படியென்றால் பூட்டை உடைக்கத்தான் வேண்டும் என்றார். அத்தை கண் முன்னால், அவர் முந்தியில் சாவி இருக்கும்போதே, ஒரு கூலி ஆள் வந்து அந்தப் பூட்டை உடைப்பதை நினைத்துப் பார்த்தேன். அதைவிட நான் கேட்பது பரவாயில்லை. ஆனால் எப்படிக் கேட்பது? மனசைப் படிக்கிற படிப்புப் படித்தவள்தானே, பதமாகப் பேசு என்றார் அண்ணன். படித்த படிப்பு கைகொடுக்கவில்லை. எங்கள் ஆபீஸில், யாரிடமும் ஒரு கேள்வி கேட்கும் முன் அது அவர்கள் மனதை நோகடிக்குமா என்று ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும். நோகடிக்கும் என்றால் கேட்க விடமாட்டார்கள். என் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர்கள் இதுவரை நிறுத்தியதில்லை. இந்தக் கேள்வியை நிறுத்தியிருப்பார்கள்.

ஊருக்கு வரச் சொல்லி நஸ்ரினையும் கூப்பிட்டேன். பரீட்சை இருக்கிறது, வரவில்லை என்றாள். அவளுக்கு அங்கே போய் என்ன இருக்கிறது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

5

அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகும்போது, கேட்காமல் கேட்பதற்கு வாக்கியங்கள் சேர்த்துப் பார்த்தேன். வீட்டை விற்கப் போகிறோம் என்று பொய் சொல்லலாம். மராமத்து வேலை இருக்கிறது எனலாம். இருபுறமும் சீமைக்கருவேலம். வெயிலில் கண் கூசியது. இறங்கும்வரை ஒரு வாக்கியமும் உருப்படவில்லை.

நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனேன். அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஆகிவிட்டது. அத்தை இளைத்திருந்தார். "வா தாயி" என்றார், எப்போதும் போலத்தான். செம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில், தேங்க்ஸ் அத்தை என்றேன். எங்கள் பக்கம் உறவுக்குள் அந்தச் சொல் கிடையாது. சொன்னால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு எழுந்திருப்பதுபோல் ஆகிவிடும். மற்ற நாளாக இருந்தால் அத்தை என்னைக் கேலி பேசித் தீர்த்திருப்பார். அன்று பேசவில்லை.

கொஞ்ச நேரம் மகளைப் பற்றிக் கேட்டார். மழை இல்லாததைச் சொன்னார். பிறகு முந்தி முடிச்சை அவிழ்த்தார். சாவியை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவே தரையில் வைத்தார்.

"என்ன அத்தை இது?" என்றேன்.

"நீ கேட்டு நான் குடுத்ததா இருக்க வேணாம் தாயி. நானா குடுத்ததா இருக்கட்டும். நாளைக்கு காதரும் நானும் மூஞ்சிய மூஞ்சி பாக்கணும்ல."

நான் கேட்க வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்கத்தானே வந்திருந்தேன்! அண்ணனுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, ஊர் வாய்க்காகத்தான் என்று ஏதேதோ உளறினேன். அந்த வீடியோ அத்தை மகன் போனுக்கே வந்திருக்கிறது. மகன் காட்ட மாட்டேன் என்றும், இவர் பிடுங்கிப் பார்த்திருக்கிறார்.

"எம் முதுக நான் அதுலதான் மொதமொத பாத்தேன்" என்றார். "களவாணி முதுகு மாதிரியே இருக்கு தாயி. உங்கம்மா தலையில துணி போடாம சாம்பிராணி காட்டுனதில்ல, அதான் நானும் போட்டேன். அது மூஞ்சிய மறைக்கிற மாதிரித் தெரியும்னு யாரு கண்டா?"

நான் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன். நான் உங்களை நம்புகிறேன், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அத்தை கையை மூடவில்லை. சாவி நழுவிக் கீழே விழுந்தது.

"நீ நம்புற, எனக்குத் தெரியாதா? நான்தான் மாறிட்டேன். அந்தப் படத்தப் பாத்ததுக்கப்பறமும் போனேன். பூட்டத் தொறக்கையில பின்னால திரும்பித் திரும்பிப் பாக்குறேன். உள்ள போனா வெளிய யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு. உங்கம்மா வீட்டுக்குள்ள போறதுக்கு நான் என்னைக்குத்தான் திரும்பிப் பாத்துருக்கேன்? அப்பறம் போகல."

சாவி யாரிடம் என்றுதான் நான் ஊரெல்லாம் கேட்டிருக்கிறேன். அதை வைத்திருப்பவர் எப்படித் தூங்குகிறார் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. கேள்வித்தாளில் அதற்கு இடமும் இல்லை.

6

சாவி இப்போது என் கைப்பையில் இருக்கிறது, பெல்ஃபாஸ்ட் வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில். குழுவில் அண்ணன், பிரச்சினை சுமுகமாக முடிந்தது என்று எழுதினார். நிறையப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வியாழக்கிழமை மதியம் நான் டப்பாவைத் திறப்பதில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறேன். அங்கே வீடு இருட்டாக இருக்கும். அம்மா இல்லை என்பது இப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சில நாள் நடக்கும்போது பின்னால் யாரோ வருகிறார்களோ என்று தோன்றும். யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்று நடந்தது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பொழுது சாய்ந்து, பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கியதும், நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். நீங்களும் வாங்க அத்தை என்றேன். வேண்டாம் என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அடுப்பிலிருந்து நெருப்புக் கங்கு எடுத்துக் கரண்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவிக்கொண்டு என் பின்னால் வந்தார். எப்போதும் அவர்தான் முன்னால் போவார்.

பூட்டு சிரமமில்லாமல் திறந்தது. எண்ணெய் விட்டு வைத்திருந்தார். உள்ளே மூன்று நான்கு வாரத் தூசி. அதற்குக் கீழே எல்லாம் சுத்தமாக இருந்தது. அம்மாவின் தொழுகைப் பாய் மடித்தபடி நாற்காலியில் கிடந்தது. லைட்டைப் போட்டேன். எரிந்தது. அடுத்து அத்தை வந்து நடு அறையிலிருந்து தொடங்குவார் என்று நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன்.

அத்தை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி புகைந்தது. மறு கை முந்தியைத் தலைக்குக் கொண்டுபோய்ப் பாதியில் நின்றிருந்தது. தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா தாயி?" என்றார்.

அந்த வாசலில் வைத்து அத்தையிடம் யாரும் "உள்ளே வாங்க" என்று சொன்னதே இல்லை. சொல்ல வேண்டியிருந்ததில்லை. விருந்தாளிக்குச் சொல்வதுபோல், நான் சொன்னேன்.